'டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்' (2019) பார்த்தவர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள்?

சண்டை பெரும்பாலும் முதல் சில நிமிடங்களைப் பற்றியதுதான். 1991-ல் வந்த இரண்டாம் பாகம் முழுக்க, இயந்திரங்களுக்கு எதிராக மனிதர்களை வழிநடத்தப்போகும் சிறுவன் ஜான் கானரைக் காப்பாற்றும் கதை. டார்க் ஃபேட்டிலோ 1998-ல், குவாத்தமாலா கடற்கரையில், மனித உருவில் வரும் கொலை இயந்திரமான ஒரு டி-800 அவனைச் சுட்டுவிட்டுப் போய்விடுகிறது. 'அப்போ அந்தப் போராட்டம் எதற்கு?' என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். நியாயமான கோபம். ஜானின் அம்மா சாரா தடுத்த, மனிதர்களை அழிக்க இருந்த கணினி அமைப்பான ஸ்கைநெட் வரவே இல்லை என்பதும் உண்மை. ஆனால் அதன் இடத்தில் 'லீஜன்' என்று இன்னொன்று முளைப்பதால் அந்த வெற்றியும் வெறும் தள்ளிப்போடலாகிவிடுகிறது.

பிடித்தவர்கள் சொல்வது சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனை. 28 ஆண்டு கழித்துத் திரும்பியும் அந்த முறுக்கு குறையவில்லை. மெக்சிகோ தொழிற்சாலைச் சண்டையும், அதையொட்டிய நெடுஞ்சாலைத் துரத்தலும் தொடரின் சிறந்த காட்சிகளுக்குப் பக்கத்தில் நிற்கும். எலும்புக்கூடும் திரவ உலோகமும் தனித்தனியாகப் பிரிந்து தாக்கும் வில்லன் இயந்திரம் ரெவ்-9 நல்ல யோசனை. பிற்பாதியில் விமானம், அணை என்று எல்லாம் இருட்டில் கணினி வரைகலையாகிப் போவதுதான் சறுக்கல். திரைச்சீலை வியாபாரம் செய்யும் டெர்மினேட்டர்? சிரிப்பு வந்தால் படம் பிடிக்கும்.

3, 4, 5-ம் பாகங்களைக் கதை கண்டுகொள்வதில்லை. முதல் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு உட்காருங்கள்.