1780 என்று பொறித்த எத்தியோப்பிய வெள்ளி: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: 1960-களில் எத்தியோப்பியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த என் தாத்தா, ஓர் அரசியின் உருவமும் 1780 என்ற ஆண்டும் பொறித்த பெரிய வெள்ளி நாணயம் ஒன்றைக் கொண்டுவந்தார். இது அரிய ஆப்பிரிக்க நாணயம் என்றும், வெளிநாட்டில் எட்டு லட்சம் ரூபாய் தர ஆள் இருக்கிறது என்றும் கூறும் தரகர் ஒருவர், பதிவுக்கும் சான்றிதழுக்கும் 18,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

கொடுக்க வேண்டாம். உங்கள் விவரிப்பின்படி அது மரியா தெரசா தாலர். அந்த ஆஸ்திரிய அரசி 1780 நவம்பரில் இறந்துவிட்டார். ஆனால் செங்கடல் கரையிலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் அந்த முகத்தையும் அந்த ஆண்டையும் பார்த்தே காசை நம்பியதால், ஆண்டை மாற்றாமலேயே அதைத் தொடர்ந்து அடித்தார்கள். மன்னர் இரண்டாம் மெனெலிக் 1894 முதல் தம் உருவம் பொறித்த பிர் நாணயத்தைப் பாரிஸில் அடித்து வரவழைத்தும் தாலரின் செல்வாக்கு குறையவில்லை. 1935-இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த முசோலினி அதன் அச்சுகளைப் பெற்று ரோமில் அடிக்கச் செய்தார். லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நகரங்களும் பின்தொடர்ந்தன. வியன்னாவில் இன்றும் அடிக்கிறார்கள். எனவே 1780 என்ற எண்ணை வைத்து நாணயத்தின் வயதைச் சொல்ல முடியாது.

சரியான நாணயத்தின் எடை சுமார் 28.07 கிராம், தரம் 83.3 சதவீதம், அதாவது ஏறத்தாழ 23.4 கிராம் தூய வெள்ளி. இதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வரும் தொகையும், நிலைமையைப் பொறுத்து அதற்கு மேல் சிறிதும்தான் சாதாரண தாலருக்குக் கிடைக்கும். நகைக்கடையில் காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். பதக்கமாக அணிய வளையம் பற்றவைத்த தடம் இருந்தால் வெள்ளி விலை மட்டுமே மிஞ்சும்.

இனி அந்தத் தரகர். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணய விற்பனைக்குக் கட்டணம் வசூலிப்போரைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. வசூல் மட்டும் நின்றபாடில்லை. இவருடைய பேச்சு சட்டத்தின் முன்னும் நிற்காது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நாணயம் உண்மையிலேயே அவ்வளவு பழையது என்றால் அவரால் அனுப்ப முடியாது. பிற்காலத்தது என்றால் எட்டு லட்சம் தர எவரும் இல்லை. இரண்டில் எது என்று அவரிடமே கேளுங்கள். பரிசோதனைக்கு என்று நாணயத்தை அவர் கையில் கொடுத்துவிடவும் வேண்டாம். எல்லாத் தாலரிலும் ஒரே ஆண்டு இருப்பதால், உங்களுடையதை வைத்துக்கொண்டு வேறொன்றைத் திருப்பித் தந்தால் நிரூபிப்பது கடினம். இரு முகங்களையும், எழுத்துப் பொறித்த விளிம்பையும் இப்போதே படமெடுத்து, எடையைக் குறித்து வையுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-களின் தொடக்கத்தில், பம்பாய் நாணயச் சாலையும் ஒரு கோடிக்கும் அதிகமான தாலர்களை அடித்தது. உங்கள் தாத்தா எத்தியோப்பியாவில் வாங்கியது இந்தியாவில் பிறந்த காசாகவே இருக்கலாம். அரசியின் உடையூசி முத்துகளிலும் மறுபக்கத்தில் உள்ள கழுகின் வால் இறகுகளிலும் உள்ள மிக நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே எந்தச் சாலையில் அடித்தது என்று பிரித்தறிவார்கள். உருப்பெருக்கியும் பழகிய கண்ணும் இல்லாமல் அது ஆகாது. பம்பாய்த் தாலர் நூறாண்டைத் தொடாததால் தொல்பொருள் ஆகாது. ஆனால் சுங்கத்தில் இருப்பவர் 1780 என்ற எண்ணைத்தானே பார்ப்பார்? அது தொல்பொருள் அன்று என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி வரச் சொல்வார்கள். இரண்டு நூற்றாண்டுகளாக ஆண்டு மாறாத ஒரு காசுக்கும் அதே படிவம், அதே வரிசை, அதே காத்திருப்பு. இந்தச் சலிப்பில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

விற்றே ஆக வேண்டுமென்றால் உள்நாட்டிலேயே, முறையாக நாணய ஏலம் நடத்தும் நிறுவனம் ஒன்றிடம் படங்களை முதலில் அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். அவர்கள் விற்ற தொகையிலிருந்து தங்கள் தரகுக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நாணயத்தை ஒப்படைக்கும்போது எடை குறித்த ரசீது தருவார்கள்.