உமிக்கரியும் ‘வரம்புக்குள்’ என்ற பதிலும்

கேள்வி: புதுவயல் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. அருகிலுள்ள அரிசி ஆலையின் உமிக்கரி வளவு முழுவதும் படிகிறது, அப்பத்தாவுக்கு இளைப்பு. புகார் செய்தோம். பார்க்க வந்த அதிகாரி, ‘எல்லாம் வரம்புக்குள்தான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதைவிட நம் வரம்பு தளர்வானதாமே? அந்த வரம்பை எதிர்த்தே வழக்குப் போடலாமா?

பதில்: தளர்வானதுதான். நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் நுண்துகளான பிஎம் 2.5க்கு, நம் நாட்டின் 2009 காற்றுத் தர அறிவிக்கை அனுமதிக்கும் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. ஆனால் அந்தப் பரிந்துரை நம் ஆலைகளைக் கட்டுப்படுத்தாது. அளவு நிர்ணயிப்பது நிபுணர்களின் வேலை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். அந்த வழக்கு வேண்டாம்.

‘எந்த வரம்பு?’ என்று கேளுங்கள். புகைபோக்கியில் அளப்பது ஒன்று, நீங்கள் சுவாசிக்கும் காற்றில் அளப்பது வேறு. ஆலைகள் நெருங்கி நிற்கும் ஊரில் ஒவ்வொரு புகைபோக்கியும் தேறிவிடும், காற்று தேறாது. காற்றுக்கான 24 மணி நேர வரம்பு 60. ஆண்டில் 98 சதவீத நேரம் அதற்குள் இருக்க வேண்டும். மீறினாலும் அடுத்தடுத்த இரு நாள் மீறக் கூடாது. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர் இதை எப்படிச் சொல்ல முடியும்?

ஆலையின் இசைவாணை (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி), புகைபோக்கி ஆய்வறிக்கை, சுற்றுப்புறக் காற்று ஆய்வறிக்கை மூன்றையும் தகவல் உரிமைச் சட்டப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். பதிலுக்குக் கெடு 30 நாள். காற்றை அளந்ததே இல்லை என்று எழுதித் தந்தால் வருந்த வேண்டாம். உங்களுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. நீங்களே கருவி வாங்கி அளந்தால் புகாருக்கு வலு சேரும், அவ்வளவுதான். புகைபோக்கி மாதிரியை 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து வாரியம் எடுத்தால்தான் அது சாட்சியமாகும்.

கூடவே ஒரு மனு. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் விதி 3(2), காரணத்தை எழுத்தில் பதிந்து ஒரு குறிப்பிட்ட ஆலைக்குப் பொது அளவைவிடக் கடுமையான அளவை விதிக்க வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. பலரும் கவனிக்காத விதி இது.

மனு அசையாவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இளைப்புக்குக் காரணம் இந்தக் கரிதான் என்று அறிவியல் ஐயமற நீங்கள் நிறுவ வேண்டியதில்லை. வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர்மீதே வைத்தது. காலக்கெடுதான் சிக்கல்: பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடு கோர 5 ஆண்டு உண்டு. அப்பத்தாவின் மருத்துவச் சீட்டுகளையும் ரசீதுகளையும் தேதிவாரியாக இப்போதே அடுக்கிவையுங்கள்.