வாரம் ஒரு கண்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தொடர்ப்படங்களைப் பற்றிய குறிப்பில் ஜார்ஜ் எச். பிளிம்ப்டனைத் தேர்ந்த திரைக்கதையாளர் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய தொடர்கள் சிலவற்றைப் பார்த்தேன். ஒரு பகுதியின் முடிவில் செத்தான் என்று காட்டப்படும் நாயகன், அடுத்த பகுதியில் அதற்கு முன்பே தப்பியிருக்கிறான். நடுநடுவே பழைய படங்களின் துண்டுகள் வேறு. இதை எழுத்து என்று கொள்ளமுடியுமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

அந்த ஏமாற்று உண்மைதான். ஆனால் 12 முதல் 15 பகுதிகள் கொண்ட அத்தொடர்கள் வாரத்துக்கு ஒன்றாகப் பகற்காட்சிகளில், பெரும்பாலும் சிறுவர்களுக்காகத் திரையிடப்பட்டவை. சென்ற வாரம் கண்டதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு வழி கிடையாது. ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்க்கும் நமக்கே ஒட்டு தெரிகிறது.

பிளிம்ப்டன் 1889இல் புரூக்ளினில் பிறந்தவர். 1912இல் மௌனப்படங்களில் தொடங்கி 1957 வரை ஏறத்தாழ 300 படங்களில் பங்களித்தவர். 1930இல் வந்த ‘தி இந்தியன்ஸ் ஆர் கமிங்’ என்னும் பேசும் தொடரை ஃபோர்டு பீபியுடன் எழுதினார்; 1936இல் ‘ஃப்ளாஷ் கார்டன்’ எழுதிய நால்வரில் ஒருவர். அமெரிக்கத் திரையரங்குகளுக்கென்று எடுக்கப்பட்ட கடைசித் தொடரான ‘பிளேசிங் தி ஓவர்லேண்ட் டிரெய்ல்’ (1956) அவர் எழுதியதே.

அவரைத் தேர்ந்தவர் என்று நான் சொன்னதன் காரணம் அந்தக் கடைசித் தொடரில் இருக்கிறது. கொலம்பியா நிறுவனம் 1939இல் எடுத்த ‘ஓவர்லேண்ட் வித் கிட் கார்சன்’ தொடரின் காட்சிகள் அதில் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டன. குதிரைப்படையும் வண்டித்தொடரும் துப்பாக்கிச் சண்டையும் ஏற்கெனவே கையிருப்பில் உள்ளபோது, பதினேழு ஆண்டுகளுக்கு முன் தொலைவில் குதிரையோட்டிச் சென்றவன்தான் இன்று அருகில் நின்று பேசுபவன் என்று நாம் நம்பும்படி, எழுத்தாளர் புதிய மனிதர்களையும் அவர்களுடைய பகைகளையும் உருவாக்கவேண்டும். துணியை முதலில் வெட்டி வைத்துவிட்டு, அதற்குப் பொருந்தும் ஆளைத் தேடும் தையற்காரரின் நிலை அது. அங்கே வசனத்தின் வேலை இரண்டு துண்டுகளை இணைப்பது மட்டுமே. அவருடைய வசனங்கள் சப்பென்றிருப்பதில் வியப்பில்லை. (‘சூப்பர்மேன்’ தொடரில், 1948, கதையைத் தொடருக்கேற்பத் தழுவியவர்களில் அவரும் ஒருவர். அதில் நாயகனாக நடித்த கிர்க் ஆலின் பறக்கவேண்டிய இடங்களில் ஒரு கார்ட்டூன் உருவம் பறந்துவிடும். சாம் கட்ஸ்மன் தயாரிப்பு என்றால் சிக்கனம் அந்த அளவுக்கு.)

ஆனால் உங்கள் கேள்வி வேறு இரண்டு இடங்களில் சரியாகவே தைக்கிறது. 1939இல் வந்த ‘தி ஃபாண்டம் கிரீப்ஸ்’ தொடரில், பெலா லுகோசி நடித்த வெறிபிடித்த விஞ்ஞானியின் இறுதி அட்டூழியங்களுள் ஒன்றாக, 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்த செய்திப்படம் சேர்க்கப்பட்டிருக்கிறது. உண்மையில் 36 பேர் இறந்த விபத்து அது; இரண்டே ஆண்டுகளில் சிறுவர்களின் பகற்காட்சிக்குத் தீனியானது. அத்தொடரின் திரைக்கதையிலும் பிளிம்ப்டனின் பெயர் உண்டு. சிக்கனம் என்று சொல்லி இதைக் கடந்துவிட என்னால் முடியவில்லை.

மற்றது ‘வெஸ்டர்ன்’ எனப்படும் கௌபாய் தொடர்களில் அமெரிக்கப் பூர்வகுடிகள் வரும் விதம். பழைய காட்சிகளை மறுபடி பயன்படுத்த வேண்டுமானால் முகம் தெரியாத கூட்டமே வசதி. முகமும் பெயரும் உள்ள ஒருவனை இன்னொரு கதைக்குள் நுழைப்பது கடினம். ஆகவே அம்மக்கள் தொடருக்குத் தொடர் மலைச்சரிவில் திரண்டு நிற்கும் எதிரிகளாகவே இருந்தார்கள். அந்த மனப்பான்மை பிளிம்ப்டனுக்கு முன்பே இருந்தது; அவருடைய தொழில்முறை அதை மலிவாகவும் தடையின்றியும் தொடரச்செய்தது.