கனடியக் கடற்படையும் ‘ராயல்’ அடைமொழியும்

அன்புள்ள ஐயா,

கனடா தன் முப்படைகளையும் 1968-இல் ஒன்றாக்கியது. 2011-இல் ‘ராயல் கனடியக் கடற்படை’, ‘ராயல் கனடிய விமானப்படை’ என்ற பழைய பெயர்கள் திரும்பிவந்தன. சொந்தக் கொடி உள்ள நாட்டுக்கு அரச அடைமொழி எதற்கு? ஒன்றிணைத்ததும் வீண்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். வீணாகவில்லை. 2011-இல் மாறியவை பெயர்கள்தாம். கனடாவின் படை சட்டப்படி இன்றும் ஒன்றே. தலைமைத் தளபதியும் ஒருவரே.

படை ஒன்றிணைப்பையும் பெயர் மாற்றத்தையும் முடிச்சுப் போட்டவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பால் ஹெல்லியர். ஒரே வேலைக்கு மூன்று நிர்வாகங்கள் எதற்கு என்று அவர் கேட்டது நியாயம். அதோடு நின்றிருக்கலாம். அவருடைய திட்டம் மாலுமிக்கும் விமானிக்கும் தரைப்படை வீரனுக்கும் ஒரே பச்சைச் சீருடையை மாட்டிவிட்டது. கடற்படை ‘மாரிடைம் கமாண்ட்’ (கடல்சார் கட்டளைப் பிரிவு) ஆனது. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளோடு மோதிய படைக்கு ஏதோ அலுவலகப் பிரிவின் பெயர்! எதிர்த்து நின்ற ரியர் அட்மிரல் லாண்டிமோர் 1966-இல் நீக்கப்பட்டார். 1980-களில் தனித்தனிச் சீருடைகள் திரும்பின. அப்போதும் ஒன்றிணைப்பு குலையவில்லை.

முதல் கேள்வியில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. 1956 சூயஸ் நெருக்கடியின்போது ஐ.நா. அமைதிப்படைக்குக் கனடா அனுப்ப முன்வந்த படைப்பிரிவின் பெயர் ‘க்வீன்ஸ் ஓன் ரைஃபிள்ஸ்’, அதாவது ‘அரசியின் சொந்தத் துப்பாக்கிப்படை’. எகிப்து ஏற்கவில்லை. பிரிட்டன் அப்போதுதான் எகிப்தைத் தாக்கியிருந்தது. பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் பொதுவான அரசியின் பெயரைத் தாங்கி, பிரிட்டிஷ் சாயலில் உடுத்தி வருபவர்களை நடுநிலையாளர்கள் என்று யார் நம்புவார்கள்? அந்த அமைதிப்படையை முன்மொழிந்த லெஸ்டர் பியர்சன்தான் பின்னர் பிரதமராகி, 1965-இல் மேப்பிள் இலைக் கொடியைக் கொண்டுவந்தார். ஹெல்லியர் இருந்ததும் அவருடைய அமைச்சரவையில்தான்.

ஆனால் ‘ராயல்’ என்றாலே ஆங்கிலேய விசுவாசம் என்றும் முடிவுகட்ட முடியாது. கியூபெக்கின் பிரெஞ்சு மொழிப் படைப்பிரிவான ‘ராயல் 22’, ஒன்றிணைப்புக்குப் பிறகும் அந்த அடைமொழியை விடவில்லை. போர்க்கப்பல்களும் ‘மாட்சிமை தங்கிய அரசியின் கனடியக் கப்பல்’களாகவே மிதந்தன. (கெடுபிடி மிகுந்த ஹெல்லியருக்கு இது எப்படித் தப்பியதோ!)

என்னைக் கேட்டால், ‘கனடியக் கடற்படை’ என்று வைத்திருந்தாலே போதும். பறிபோனது ‘கடற்படை’ என்ற பெயர். அதைத் திருப்பித் தந்தது சரி. ‘ராயல்’ என்பதையும் சேர்த்தது முடியாட்சி மரபில் அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசுக்கு இருந்த பிடிப்பு. தரைப்படைக்குப் பழைய பெயரிலும் ‘ராயல்’ கிடையாது. 2011-இல் அது வெறும் ‘கனடியத் தரைப்படை’யாகத்தான் திரும்பியது. அதனால் அதன் வீரர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.