காமிக்ஸை ‘மறுகற்பனை’ செய்வது என்றால் என்ன? ஸ்காட் பில்கிரிம் அனிமேஷன் தொடரை ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

அதே பாத்திரங்கள், அதே ஊர், அதே தொடக்கம். ஆனால் கதை வேறு வழியில் போகும். அதுதான் மறுகற்பனை. ஒரே மாவில் தோசைக்குப் பதில் பணியாரம் சுடுவது மாதிரி.

பிரயன் லீ ஓமாலி 2004 முதல் 2010 வரை ஆறு புத்தகங்களாக வெளியிட்ட காமிக்ஸில், டொராண்டோ இளைஞன் ஸ்காட், தான் காதலிக்கும் ரமோனாவின் ஏழு முன்னாள் காதலர்களைச் சண்டையிட்டு வெல்ல வேண்டும். 2010இல் வந்த திரைப்படமும் பெரும்பாலும் அதையே சொன்னது. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த எட்டுப் பகுதித் தொடரோ, முதல் சண்டையிலேயே ஸ்காட்டைத் தோற்கடித்துக் காணாமல் போகச் செய்கிறது. அப்புறம் கதை ரமோனா கைக்கு வருகிறது. அவனுக்கு என்ன ஆனது என்று தேடிப் போகிறவள், தன் பழைய உறவுகளை ஒவ்வொன்றாக நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கிறது. வெறும் எதிரிகளாக வந்துபோனவர்களுக்கு இங்கே மனமும் வருத்தமும் கிடைக்கின்றன. தொடரின் பெரிய பலம் இதுதான் என்பேன்.

சரி, ஏன் மாற்ற வேண்டும்? இருபதுகளில் எழுதத் தொடங்கிய கதைக்கு ஓமாலி நாற்பதுகளில் திரும்பி வந்தார். தொடரை உருவாக்கிய இருவரில் அவரும் ஒருவர். அந்த வயதில் ரமோனாவின் பக்கமும் கண்ணில் படுவது இயல்பு.

காமிக்ஸை அப்படியே படமாக்கிய தொடர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் பகுதி மட்டும்தான் அப்படித் தோன்றும்.