வேக்சர்ஃபிங்: அலை நுரையாகவே வருகிறது, என்ன செய்வது? விழுந்தவரை எப்படி ஏற்றுவது?

வேக்சர்ஃபிங் என்றால் படகு எழுப்பும் அலையில், கயிற்றை விட்டுவிட்டுப் பலகையில் நின்று சறுக்குவது. அதில் அலை வெறும் நுரையாக வருகிறது, கயிற்றை விட்டதும் பலகை பின்தங்கிவிடுகிறது, விழுந்தவரை எப்படித் திரும்ப ஏற்றுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன்: உங்கள் படகில் புரொப்பல்லர், அதாவது படகைத் தள்ளும் சுழல் விசிறி, எங்கே இருக்கிறது? எஞ்சினோடு பின்னால் தொங்கும் அவுட்போர்டு என்றால் தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். எஞ்சின் உள்ளேயும் புரொப்பல்லர் படகுக்குப் பின்னாலும் இருக்கும் வழக்கமான ஸ்டெர்ன்டிரைவுக்கும் அதேதான். சர்ஃப் செய்பவர் படகுக்குச் சில அடி பின்னால்தான் நிற்கிறார், அவர் முன்பக்கமாக விழுந்தால் நேரே புரொப்பல்லர்மேல்தான் போவார். புரொப்பல்லர் படகுக்கு அடியில் உள்ளடங்கி இருக்கும் இன்போர்டுதான் இதற்கான படகு.

சரி, அலைக்கு வருவோம். படகு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அவ்வளவு பெரிய அலை, அதற்காகத்தான் தொட்டியிலும் பைகளிலும் தண்ணீர் நிரப்பி எடை ஏற்றுகிறோம். ஆனால் எடை மட்டும் இருந்தால் நுரைதான் வரும். படகின் இரண்டு பக்கமும் ஓடிவரும் தண்ணீர் பின்னால் ஒரே நேரத்தில் மோதிக்கொள்வதுதான் காரணம். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் மறுபக்கம் வழவழவென்று ஒரு சரிவு கிடைக்கும். கயிற்றை விட்டபின் பலகை பின்தங்காமல் தள்ளுவது அந்தச் சரிவுதான். பழைய வழி, சர்ஃப் செய்யும் பக்கமே எடையைக் கூட்டிப் படகைச் சாய்ப்பது. புதிய படகுகளில் எதிர்ப்பக்கத்தில் ஒரு தகடு விரியும். இடது காலை முன்னால் வைப்பவர் பொதுவாக இடப்பக்க அலையில் நிற்பார், அவருக்கு வலப்பக்கத் தகடு.

வேகம் மணிக்கு 16 முதல் 19 கி.மீ. வரை. குறைத்தால் அலை செங்குத்தாகும், குட்டையாகும், இன்னும் குறைத்தால் பழையபடி நுரை. கூட்டினால் நீளும், தட்டையாகும். பின்பக்க எடை உயரம் தரும், முன்பக்க எடை நீளம் தரும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஆழம் 15 அடியாவது இருக்கட்டும். படகின் எடை வரம்பில் ஆட்களோடு இந்தத் தண்ணீரும் சேர்த்திதான்.

இப்போது விழுந்தவர். அலைக்காக ஏற்றிய அதே எடையால் படகு தாழ்ந்து, மந்தமாகக் கிடக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைச் சட்டென்று மூடினால் நம் அலையே பின்னால் வந்து படகுக்குள் ஏறிவிடும். அதனால் மெதுவாகக் குறைத்து, அலை கடந்து போனபின் நிதானமாகத் திருப்புங்கள். வேகமாக வட்டமடித்தால் எல்லாத் திசையிலும் அலைகள் கிளம்பி, விழுந்தவர் தலையே தெரியாது. பின்னால் பார்ப்பதற்கென்றே ஒருவர் வேண்டும், ஓட்டுபவரால் இரண்டையும் செய்ய முடியாது. விழுந்தவர் கையை உயர்த்தினால் நலம் என்று அர்த்தம். கையை உயர்த்தாதவரிடம் உடனே போக வேண்டும், ஆனால் அப்போதும் மெதுவாகத்தான்.

ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் பக்கமாக நெருங்குங்கள், அவர் கண்ணைவிட்டு ஆள் மறையவே கூடாது. கயிறு முழுக்கப் படகுக்குள் வந்திருக்க வேண்டும். அப்புறம் எஞ்சினை அணையுங்கள். நியூட்ரல் போதாது. நியூட்ரலிலும் புரொப்பல்லர் சுற்றலாம், தவிர பின்பக்க மேடையருகே வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனையே கிடையாது. எஞ்சின் ஓடும்போது அந்த மேடையில் யாரும் உட்காரவே கூடாது. முதலில் பலகையை வாங்குங்கள், பிறகு ஆளை ஏற்றுங்கள். எல்லோரும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்களா என்று தலையை எண்ணிவிட்டு, மேடையை ஒருமுறை எட்டிப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.