'ரிமெம்பர் த டைட்டன்ஸ்' படத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை?

நிறப் பகையைத் தாண்டி ஒரு பள்ளி விளையாட்டு அணி வென்ற கதையைச் சொல்லும் ஹாலிவுட் படம் இது. எலும்புக்கூடு உண்மை, சதை ஹாலிவுட்டுடையது. 1971-இல் வர்ஜீனியா மாநிலம் அலெக்ஸாண்ட்ரியாவில் டி.சி. வில்லியம்ஸ் பள்ளியின் 'டைட்டன்ஸ்' என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி, கறுப்பினப் பயிற்சியாளர் ஹெர்மன் பூன் தலைமையில், ஆடிய 13 ஆட்டங்களையும் வென்றது. வெள்ளையரான பில் யோஸ்ட் துணைப் பயிற்சியாளர். கெட்டிஸ்பர்க் கல்லூரியில் நடந்த பயிற்சி முகாமும் நிஜம்தான். அங்கே நள்ளிரவில் கல்லறைத் தோட்டம்வரை ஓடவிடுவது மட்டும் திரைக்கதை.

பெரிய புரட்டு வேறு இடத்தில் இருக்கிறது. கறுப்பின, வெள்ளையின மாணவர்கள் முதன்முதலாக ஒரே பள்ளிக்கு வந்தது 1971-இல்தான் என்று படம் நம்பவைக்கிறது. ஆனால் அந்த ஊரின் வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் 9 பேர் நீதிமன்ற உத்தரவோடு நுழைந்தது 1959-லேயே. டி.சி. வில்லியம்ஸிலும் இரு தரப்பும் ஏற்கெனவே சேர்ந்துதான் படித்தார்கள். 1971-இல் நடந்தது, ஹேமண்ட், ஜார்ஜ் வாஷிங்டன், டி.சி. வில்லியம்ஸ் என்ற மூன்று மேல்நிலைப் பள்ளிகளின் 11, 12-ஆம் வகுப்புகளை ஒரே வளாகத்துக்குக் கொண்டுவந்த இணைப்பு.

ஆகவே, அணியின் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பள்ளிகளின் முதல்நிலை ஆட்டக்காரர்கள் மோதினார்கள். நேற்றுவரை எதிரணியில் இருந்தவன் இன்று சக வீரன். யோஸ்ட்டே ஹேமண்டின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். படம் அவரை டி.சி. வில்லியம்ஸ்காரர் ஆக்கிவிட்டது. நிறப் பகையோடு பள்ளிப் பகையும் சேர்ந்த அந்தச் சிக்கல்தான் எனக்குப் படத்தைவிடச் சுவாரசியம். மூன்று அணிகளின் திறமை ஒரே அணியில் குவிந்ததால்தான் எதிரணிகளை அப்படி நசுக்க முடிந்தது என்பதும் படத்தில் அடிபட்டுப்போகிறது. எதிரணிகள் எல்லாம் வெள்ளையர் மட்டுமே என்று படம் சொல்வதும் தவறு.

இறுதியாட்டத்தைக் கடைசி நொடிவரை இழுப்பது திரைக்கதையின் தேவை. நிஜத்தில் ரோனோக் நகரில் ஆண்ட்ரூ லூயிஸ் அணியை 27-0 என்று ஊதித்தள்ளினார்கள். நகம் கடிக்கவைத்த ஆட்டம் சீசன் நடுவே மார்ஷல் பள்ளியோடு நடந்தது. இயக்குநர் போவஸ் யாக்கின் அந்தப் பதற்றத்தைத்தான் இறுதிக்கு மாற்றியிருக்கிறார். கேப்டன் ஜெர்ரி பெர்ட்டியரின் கார் விபத்தும் படத்தில் வருவதுபோல இறுதியாட்டத்துக்கு முன்னால் நடக்கவில்லை. சீசன் முடிந்தபின் டிசம்பர் 11 அன்று நடந்தது, அதாவது அவர் கடைசி ஆட்டம்வரை களத்தில் இருந்தார்.

படத்தில் பூன் வீட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு வரும் செங்கல்? அது நிஜத்தில் ஒரு பழைய கழிவறைக் கோப்பை. குடும்பப் படம் என்பதால் நாகரிகமாகக் கல்லாக்கிவிட்டார்கள் போல!